பாறசாலைக் கிளையின் நூறு சதவீதத் தேர்ச்சி

மனிதனை யோக்கியனாக்க இந்த உலகம் எத்தனையோ வழிகளை முயன்று பார்த்துவிட்டது. மகான்கள் வந்து போனார்கள். சட்டங்கள் வந்தன, சட்டங்களுக்குத் திருத்தங்கள் வந்தன, கண்காணிப்புக் கேமராகூட வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், நான்கு விடைகளைத் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பரீட்சை வந்தது. மனிதன் ஒரே மதியத்தில் யோக்கியன் ஆனான். வரலாற்றுச் சிறப்பு மிக்க இந்த மாற்றம் பாறசாலையில், ஒரு பேக்கரியின் மாடியில், பப்ஸ் வேகும் வாசனைக்கு நடுவே நிகழ்ந்தது. அதில் நேரடியாகப் பங்கேற்றவன் என்ற முறையில், அதை எழுதி வைப்பது என் கடமை.

எங்கள் நிறுவனத்தின் பெயர் மேன்மேலும் இன்வெஸ்ட்மென்ட்ஸ். மியூச்சுவல் பண்ட் விற்பது தொழில். சந்தை எவ்வளவு கீழே போனாலும் எங்கள் பெயர்ப்பலகை மாடியில்தான் இருக்கும். பாறசாலைக் கிளையில் நாங்கள் நான்கு பேர்: மேனேஜர் விஜயதாஸ், வரவேற்பு மேசையில் காரோடு ஊர்க்காரி ஜிஜி, பைக்கில் சுற்றி ஆள் பிடிக்கும் அஜேஷ், காகிதங்களைக் கவனிக்கும் ஸ்ரீகுமார் ஆகிய நான்.

விஜயதாஸ் சாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போவது பாவம். அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் கை தானாகப் பேனாவைத் தேடும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், பந்தல் பிரிப்பதற்குள் இன்சூரன்ஸ் பணத்தை முதலீடாக மாற்றிய பெருமை அவருடையது. "அழுதுட்டே இருந்தா பணம் வளருமா மக்கா?" என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவர் சொன்ன ஆறுதலைத் தலைமை அலுவலகம் பயிற்சிக் கையேட்டில் சேர்த்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவரின் கிளைக்குத்தான் கொச்சியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. இனிமேல் பங்குச்சந்தைத் தகுதிப் பரீட்சையில் தேறாத எவரும் வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது. மார்ச் முடிவதற்குள் தேறாதவர்கள் "வேறு துறைகளில் பிரகாசிக்க" நிறுவனம் மனமார வாழ்த்துகிறது.

உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. சாயாவும் பப்ஸும் பரீட்சைக்கான பாடப்புத்தகமும் வந்தன. மேனேஜர் எழுந்து நின்றார்.

"எலே, இதுல பயப்பட என்ன உண்டு? நம்ம வேலையப் பத்தி நம்மகிட்டயே சோத்யம் கேக்கான். அந்தப் புஸ்தகம் எழுதினவன் ஒரு பண்டாவது வித்திருப்பானா? நாம தெனமும் செய்யியத அப்படியே எழுதினா போரும். அனுபவம் ஆக்கும் பெருசு."

"புஸ்தகம் வாசிக்கண்டாமா சாரே?" என்று ஜிஜி கேட்டாள்.

"வாசிச்சா கொழம்பும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. புத்தகம் அஜேஷின் கம்ப்யூட்டர் திரையைச் சற்று உயர்த்தி வைக்கப் பயன்பட்டது.

திருவனந்தபுரத்தில் பரீட்சை. விடைகளை மவுஸால் அமுக்கி முடித்ததுமே மதிப்பெண்ணைத் திரையில் காட்டிவிடுகிறார்கள். வீடு வந்து சேரும்வரை நிம்மதியாக இருக்கும் அந்தப் பழைய வசதி இல்லை. அனுபவம் எங்கள் நால்வரையும் பாரபட்சமின்றித் தோற்கடித்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். "வயசான அம்மை ஒருத்தி, வருமானம் இல்ல, போட்ட பணம் கொறையப்பிடாதுன்னு சொல்லுதா. அவளுக்கு என்ன குடுக்கணும்னு ஒரு சோத்யம். நான் சின்னச் சின்ன கம்பெனிப் பங்கு வாங்குத பண்டை அமுக்கினேன். அதுலல்லா கமிஷன் கூடுதல்!"

"கமிஷன் பத்தி சோத்யத்துல ஒண்ணும் இல்லியே சாரே?" என்றான் அஜேஷ்.

"அதாக்கும் அந்த சோத்யத்துக்க கொறை." அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு கேளு. வாடிக்கையாளர் ஊர்ல இல்ல, பாரத்துல கையெழுத்து இன்னைக்கே வேணும். ஏஜென்ட் என்ன செய்யணும்? நான் 'ஏஜென்டே போட்டு உதவலாம்'னு அமுக்கினேன். ஒரு மனுஷனை ஒரு கையெழுத்துக்காக அலைய விடலாமா? மனுஷத்தன்மை வேண்டாமா?"

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் பஸ் நின்றது. மேனேஜர் தண்ணீர் வாங்க இறங்கினார். ஜிஜி முன் சீட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஒரு காரியம் இப்பத்தான் மனசிலாச்சு. நாம நாலு பேரும் சாரு செய்யியதத்தான் எழுதினோம். தோத்தோம். சாரு என்ன செய்வாருன்னு நெனச்சு, அதுக்கு நேர் எதிரா அமுக்கினா என்ன?"

விஞ்ஞான உலகில் இப்படித்தான் பெரிய கண்டுபிடிப்புகள் நிகழ்கின்றன. எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த யோசனைக்கு நாங்கள் "எதிர்விடை முறை" என்று பெயரிட்டோம். மதியச் சோற்று நேரத்தில் பயிற்சி. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கேள்விகளை நான் வாசிப்பேன். அஜேஷ் கண்ணை மூடி, மேனேஜரின் குரலில் விடை சொல்வான். ஜிஜி அந்த விடையைத் தள்ளிவிட்டு, அதற்கு நேர் எதிரில் நிற்கும் விடையைச் சொல்வாள். புத்தகத்தைத் திரைக்கு அடியிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஜிஜி மட்டும் ஒரு நாள் எடுத்து வாசித்தாள். பிற்பாடு விளைந்த கெடுதிக்கெல்லாம் அதுதான் காரணம் என்பது என் துணிபு.

அடுத்த முறை நாங்கள் மூவரும் தேறினோம். மேனேஜர் மறுபடியும் தோற்றார்.

"நான் பழக்கின பிள்ளைங்க பாஸாயி, நான் தோத்துப்போனேனே மக்கா" என்று அவர் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வெற்றிக்கு முழுக் காரணம் அவர்தான் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதன்பிறகு மனிதர் வாடிப்போனார். மார்ச் நெருங்கியது. வீட்டுக்கடன் இருந்தது, மகள் மங்களூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவி பிரசீதா எனக்குப் போன் செய்து, "ஸ்ரீகுமாரே, அவரு சோறு திங்கதில்ல. மீன்கறி வேணுமா ரசம் வேணுமான்னு கேட்டா, 'மேற்கண்ட எதுவுமில்லை'ன்னு சொல்லுதாரு" என்று அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்விடை முறையை அவரிடம் எந்த முகத்தோடு விளக்குவது?

அந்த நாட்களில் ஒரு காலையில்தான் திருப்புறத்திலிருந்து உமையம்மாள் வந்தார். ரேஷன் கடை நடத்தி மறைந்த பொன்னம்பலம் பிள்ளையின் மனைவி. தேங்காய் வருமானத்தில் கௌரவமாக வாழ்ந்தவர். பைபாஸ் சாலைக்குத் தோப்பை எடுத்துக்கொண்டு அரசாங்கம் கொடுத்த ஈட்டுத்தொகையை விஜயதாஸ் சார்தான் "பேங்கு டெபாசிட் மாதிரியாக்கும்" என்று சொல்லி, சின்னக் கம்பெனிகளின் பண்டில் போட்டிருந்தார். கைத்தடியை ஊன்றி மாடிப்படி ஏறி வந்த உமையம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாரே, கால் முட்டு மாத்தணும்னு டாக்டர் சொல்லியாச்சு. பணத்தை எடுக்கலாம்னு பாத்தா, பாதி போச்சுன்னு சொல்லுதாவளே?"

"போகல்ல உமையம்மா. எறங்கியிருக்கு. நாம பொறுமையா இருக்கணும். இது லாங் டேர்மு."

"லாங் டேர்முன்னா எத்தனை நாளு?"

"ஒரு பத்துப் பதினஞ்சு வருஷம் வச்சுப் பாருங்க."

"எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு சாரே."

"அதாக்கும் சொல்லுதேன்! இந்த வயசுல எதுக்கு அவசரம்?"

உமையம்மாள் தடியை ஊன்றி எழுந்தார். பிறகு ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, மெல்ல இறங்கிப் போனார். தடியின் சத்தம் கீழே பேக்கரிவரை கேட்டது.

மேனேஜர் பெருமூச்சு விட்டு, திரைக்கு அடியில் இருந்த புத்தகத்தை உருவித் திறந்தார். "ஜிஜி, இந்த ஒரு சோத்யம் மட்டும் எனக்கு மண்டையில ஏறல்ல. வயசான அம்மை, வருமானம் இல்ல..."

"அந்தச் சோத்யம் இப்பத்தான் படியெறங்கிப் போவுது சாரே."

ஜிஜிக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த ஆவேசத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "சாரு என்ன செய்வீங்களோ அதுக்கு நேர் எதிரா அமுக்கித்தான் நாங்க பாஸானோம். சாரும் அப்படி எழுதுங்க. ஜெயிச்சிரலாம்."

விஜயதாஸ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ... நான் செய்யியது?"

"தப்பு உத்தரம் சாரே."

"எல்லாமா?"

"கையெழுத்து, கமிஷன், அந்த லாங் டேர்மு... எல்லாம்."

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே சாலையில் நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்காக உமையம்மாள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சாயா ஆறி ஆடை படிந்தது. ஒரு மனிதனின் உள்ளம் மாறும் தருணத்தை நேரில் காண்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அஜேஷ் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

மேனேஜர் திரும்பினார்.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா? ஒரு பரீட்சை பீஸ் லாபமாயிருக்குமே!"

அந்த மாதமே அவர் தேறினார். சாதாரணமாக அல்ல, தென் மண்டலத்தின் எந்தக் கிளையிலும் எவரும் எடுக்காத மதிப்பெண். இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. அவர் என்ன செய்வார் என்று நாங்கள் ஊகித்துத்தான் எழுதினோம். அவருக்கு ஊகிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பாராட்டு விழா நடந்தது. கொச்சியிலிருந்து வந்த அதிகாரி பொன்னாடை போர்த்தி, "நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற முதல் கிளை" என்ற பிளெக்ஸைத் திறந்து வைத்தார். மேனேஜர் ஏற்புரையில், "எனக்க வெற்றிக்கு எனக்க செயல்களே காரணம்" என்றார். நாங்கள் கைதட்டினோம். சான்றிதழ்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம்.

எல்லாரும் மகிழ்ந்திருந்த வேளையில் ஜிஜியின் குறைபாடு வெளிப்பட்டது. பரீட்சை வேறு, அலுவலகம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவள் அவள். உமையம்மாளின் வீட்டுக்கே போய், "மிச்சம் உள்ளதை உடனே எடுத்து ஆப்பரேஷனுக்கு வச்சுக்கிடுங்க. சாரு மேல புகார் எழுதுங்க, நான் சாட்சி சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உமையம்மாள் நல்ல மனுஷி. இப்படிச் செய்யலாமா என்று கேட்க மேனேஜருக்கே போன் செய்தார். அடுத்த வாரம் ஜிஜிக்குப் "பதவி உயர்வு" வந்தது. காசர்கோட்டுக்கு. கேரளத்தில் பாறசாலையிலிருந்து அதைவிடத் தூரமாக ஒருவரை உயர்த்த இடமில்லை.

ஜிஜி ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். படியருகே நின்று என்னிடம், "பரீட்சை கழிஞ்சதும் அதை மறந்துரணும்னு எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல அண்ணா" என்றாள். நான் பைல்களை அடுக்கினேன்.

அந்த வாரமே உமையம்மாள் மறுபடியும் படியேறி வந்தார். மேனேஜர் எழுந்து போய்க் கைகொடுத்து அழைத்து வந்தார். எலுமிச்சை பிழிந்த குளிர்ந்த நாரங்கா வெள்ளம் வந்தது.

"உமையம்மா, அந்தக் காலத்துல நான் வெறும் மேனேஜராக்கும். இப்ப பாத்தியளா?" சுவரைக் காட்டினார். "கவர்மென்டு அங்கீகாரம் உண்டு. பழைய பண்டுல கெடக்கியத அப்படியே எடுத்து இந்தப் புது பண்டுல போடுதோம். முட்டு ஆப்பரேஷனை ஒரு ரெண்டு வருஷம் தள்ளி வச்சா, ரெண்டு கால் முட்டும் மாத்தலாம். இங்க ஒரு கையெழுத்து."

உமையம்மாள் பேனாவை வாங்கினார். பாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்ரீகுமாரே, நீயும் இந்தப் பரீட்சை பாஸாயியாச்சா மக்கா?"

"ஆச்சு உமையம்மா."

"அப்ப நீ சொல்லு. அந்தப் பிள்ளை ஒண்ணு சொன்னா, சாரு இன்னொண்ணு சொல்லுதாரு. எனக்கு ஒண்ணும் திரியல்ல. நான் இதுல கையெழுத்துப் போடலாமா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அஜேஷ் ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தான். நல்ல கேள்வி, பரீட்சையில் வந்திருந்தால் யோசிக்காமல் அமுக்கியிருப்பேன்.

"சாரு சொன்னா செரியாத்தான் இருக்கும் உமையம்மா" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்து, அழகான தமிழ் எழுத்துகளில் கையெழுத்துப் போட்டார். அந்த அறையில் அப்போது சரியான விடை தெரியாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். பாவம், அவர் பரீட்சை எழுதியிருக்கவில்லை.