சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு குளியலறை

தீர விசாரிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. காரைக்குடிப் பக்கம் வீதிக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். ஒரு குடை வாங்க வேண்டுமென்றால், குடை வைத்திருக்கிற நாலு பேரையும், வைத்திருந்து தொலைத்த மூன்று பேரையும், மழையில் வெளியே தலைகாட்டாத ஒருவரையும் கேட்டு, துணி தனி, கம்பி தனி, கைப்பிடி தனி என்று ஆராய்ந்து, மழைக்காலம் முடிந்ததும், "அடுத்த வருசம் இன்னும் நல்லதா வருமாம்" என்று வெறுங்கையோடு நிம்மதியாக வீடு திரும்புவார். நனைந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

நம் சாத்தப்பச் செட்டியார் இந்த இனத்தில் முதல் தரம். பினாங்கில் கடை வைத்திருந்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ஊரோடு வந்துவிட்டவர். தங்கமான மனுஷர், மனைவி தேனம்மை ஆச்சி மேல் உயிரையே வைத்திருப்பவர். எழுபத்திரண்டு ஆவணியில் ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டபோது, டாக்டர், "இனிமேல் குனிந்து தண்ணீர் மொள்ளக் கூடாது. எதையாவது பிடித்துக்கொண்டு, நின்றபடி குளிக்கட்டும்" என்றார். சாத்தப்பன் அன்றைக்கே வாக்குக் கொடுத்தார். பினாங்கு ஓட்டலில் பார்த்தது போலக் குளியலறை மூலையில் ஒரு கண்ணாடி அடைப்பு, உள்ளே ஷவர், திருகினால் மழை. ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர், பாவம், அப்படியும் நம்பினார்.

சென்னைக் கடைகளிலிருந்து படப் புத்தகங்கள் வந்தன. முகப்பு சதுரமா, வளைவா? கண்ணாடி வழவழப்பா, ஆள் தெரியாத சொரசொரப்பா? கதவு தள்ளுவதா, இழுப்பதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். சரி, எந்த மூலை? ஈசானிய மூலையில் அழுக்குத் தண்ணீர் ஆகாது என்றார் அரியக்குடிக் கோயிலில் பார்த்த ஒருவர். அக்கினி மூலையில் தண்ணீரே ஆகாது என்றார் கோவிலூரில் பார்த்த இன்னொருவர். திருப்பத்தூரில் ஒரு கேதத்துக்குப் போன சாத்தப்பன், மனைவியைப் பறிகொடுத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெல்ல, "உங்க வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கமாத் திறக்குமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவரும் யோசித்து, "வெளிப்பக்கம்" என்றார். சாத்தப்பன் டைரியில் குறித்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குளியலறைத் தரையில் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று மூன்று சாக்பீஸில் மூன்று அளவுக்குக் கோடு போட்டார். தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்குள் நின்று, கண்ணை மூடி, இல்லாத சோப்பை இல்லாத நுரை வரத் தேய்த்து, முழங்கை எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். இடிக்கச் சுவர் இல்லை. ஆனாலும் நீலக் கோட்டில் இடிப்பதாகவே அவருக்குப் பட்டது. நாளைக்குச் சிவப்பு.

கோடு அழியக் கூடாது என்பதால் குளியலறையில் யாரும் சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. ஆச்சிக்குக் கிணற்றடிதான். கொடியில் இரண்டு சேலையை மறைப்பாகப் போட்டு, முக்காலியில் உட்காரவைத்து, வீட்டு வேலைக்கு வரும் அழகி தண்ணீர் ஊற்றுவாள். ஐம்பது வயதுக்கு மேல் இன்னொருத்தி கையால் குளிப்பது ஆச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வருசம் ஒண்ணாச்சு. எப்பத்தான் வாங்குவீக?"

"அவசரப்பட்டு வாங்கிட்டு நாளைக்கு உனக்கு வசதிப்படலைன்னா? உனக்காகத்தானே இம்புட்டும் பாக்குறேன்."

"அதுவரைக்கும் கோட்டை அழிச்சுட்டு நான் உள்ளயே குளிச்சுக்கிறேனே."

"அளவு போயிரும், தேனம்மை."

இந்த நேரம் பார்த்து, அடைப்பைச் சுவரில் ஆணி வைத்துத்தான் முடுக்க வேண்டும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். முகம் பார்த்துத் தலை வாரலாம். அதில் ஆணி அடிக்க எந்தச் செட்டியாருக்கு மனம் வரும்? ஆணி இல்லாமல் நிற்கிற அடைப்பு உண்டா என்று விசாரிக்கச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார்.

மறுநாள் அழகி காய்ச்சலென்று வரவில்லை. முந்தின நாள் அவள் நிறைத்து வைத்துவிட்டுப் போன வாளியைப் பார்த்தபடி ஆச்சி முக்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், மருது கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

"மருது, நான் மறைவா நின்னு குளிக்கணும். சுவத்துல ஒரு ஆணி படக்கூடாது."

"இம்புட்டுத்தானா ஆச்சி? எந்த மூலையில?"

"தண்ணி போற மூலையில."

மருது தரையைப் பார்த்துத் தயங்கினான். "ஐயா கோடு போட்டு வச்சிருக்காகளே?"

"வாளியை எடுத்து ஊத்து."

நாலு நாளில் முடிந்தது. நெஞ்சளவு செங்கல் சுவர், பிடித்துக்கொள்ளத் தரையில் ஊன்றிய இரும்புக் குழாய், மேலே ஓடுகிற தண்ணீர்க் குழாயிலிருந்து இறக்கிய ஷவர், திறப்பில் ஒரு கெட்டித் திரை.

ஆறாம் நாள் சாத்தப்பன் புதிய படப் புத்தகத்தோடு வந்து இறங்கினார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். குளியலறைக்குள் வந்து புதுச்சுவரைத் தட்டிப் பார்த்தார், சாண் போட்டு அளந்தார், திரைக்கு முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்.

"திறப்பை வலப்பக்கம் வச்சிட்டியே, தேனம்மை. இடப்பக்கம்னு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்திருந்தேன்."

"ஆள் இருக்கு," என்றது திரை. "அங்குட்டுப் போயி இருங்க."

போனார். ரயில் கரியெல்லாம் உடம்பில் பிசுபிசுக்க, கிணற்றடி முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆச்சி வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வருஷத்துக் குளியல் இல்லையா? அந்த முக்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது என்பது சாத்தப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்களும் யார் மேலோ உள்ள பிரியத்தில் எதையோ தீர விசாரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அது வந்து சேரும் வரை அந்த ஆள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போகலாமா வேண்டாமா என்று நாலு பேரைக் கேட்கத் தோன்றினால், கையைப் பாருங்கள், சாக்பீஸ் ஒட்டியிருக்கும்.