ஆற்றில் கவிழ்த்த துணிக்கூடை

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது" என்று சொல்ல மூன்று நொடி போதும். நான் சொல்லவில்லை.

டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலேறி மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு மென்பொருள் கான்ட்ராக்டராகப் போய்வந்தேன். எங்கள் குழுவில் அடிக்கடி ஒரு நாற்காலி காலியாகும். என் கான்ட்ராக்ட் நீடிக்குமா, குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டுமா என்பது மேனேஜர் வால்டரின் கையில் இருந்தது. வால்டர் இரண்டே விஷயங்கள் பேசுவார்: வேலை, ட்ரவுட் மீன். வேலையைப் பற்றிப் பேச எனக்குப் பயம். ஆகவே ஒரு மதியம் மீனைப் பற்றிப் பேசினேன்.

"எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய் வற்றினால் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். தூண்டில் வேண்டாம், கூடை போதும். நான் அதில் கொஞ்சம் கெட்டிக்காரன்."

(கரையில் நின்று மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவன் நான். அதிலும் ஒரு ஜோடி தொலைந்தது.)

வால்டரின் முகம் மலர்ந்தது. "எங்கள் ஆற்றிலும் இந்த வருஷம் தண்ணீர் ரொம்பக் குறைவு. பிரவுன் ட்ரவுட் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. சனிக்கிழமை குடும்பத்தோடு வா, காட்டுகிறேன்."

வெள்ளிக்கிழமை மாலை, ரொட்டி வெட்டும் கத்தியால் எங்கள் நீலநிறப் பிளாஸ்டிக் துணிக்கூடையின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்தேன். சிவகங்கைப் பக்கம் இதற்கு ஊத்தா என்று பெயர். இரு பக்கமும் திறந்த கூடை. மீன்மேல் கவிழ்த்து அமுக்கி, மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பார்கள். அங்கே மூங்கிலில் பின்னுவார்கள்.

என் மனைவி பரீதா பார்த்துக்கொண்டிருந்தாள். "மச்சான், இனிமே லாண்டரிக்குத் துணிய எதுல தூக்கிட்டுப் போறது?"

"கான்ட்ராக்ட் ரின்யூ ஆகணுமா, வேணாமா?"

"கூடைய அறுத்தா கையெழுத்துப் போட்டுருவாராக்கும்!"

"நீ மசாலாவ மட்டும் அரை."

அரைத்தாள்.

நியூ ஜெர்சியின் வடமேற்கில், இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காட்டுக்குள் ஆறு ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரு கரையிலும் கற்கள் வெளுத்துக் கிடந்தன. நடுவில் முழங்காலளவுக்கும் குறைவாகத் தண்ணீர். வால்டரிடம் தூண்டில் இல்லை, கழுத்தில் ஒரு பைனாகுலர் மட்டும். கூடை போதும் என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் என்று பெருமையாக இருந்தது.

அவர் எங்கள் மகள் சஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக முன்னே போனார். அவளுக்கு ஐந்து வயது. நான் காரிலிருந்து கூடையை எடுத்து, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.

கற்களெல்லாம் பாசி பிடித்து வழுக்கின. ஆனால் நடுவில் அங்கங்கே சரளைக்கல் மட்டும், துடைத்துவிட்ட தரைபோலப் பளிச்சென்று தெரிந்தது. வழுக்காத இடம் கிடைத்ததே என்று அவற்றின்மேலேயே கால் வைத்து நடந்தேன். கடைசித் திட்டில் பெரிய மீன் ஒன்று வாலை ஆட்டியபடி நின்றது. கூடையைக் கவிழ்த்து, முழு எடையையும் போட்டு அமுக்கினேன். கூடை வந்து சேருமுன் மீன் போய்விட்டது.

"நில்! அசையாதே!"

அலுவலகத்தில் வால்டர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பிறகு கரையில் நின்று, அறிக்கை வாசிப்பதுபோல மெதுவாகச் சொன்னார். பெண் மீன் வாலால் அடித்துச் சரளையைக் கழுவி, குழி பறித்து, முட்டையிட்டு மூடும். அதனால்தான் அந்தப் பளிச். மற்ற வருஷங்களில் மீன்கள் மேலே சிற்றோடைகள்வரை போய்ப் பரவலாக முட்டையிடும். இந்த வருஷம் மேலே போகத் தண்ணீர் இல்லை. மிஞ்சியது இந்த இடம்தான்.

"அதனால் இப்போது நாங்கள் யாரும் தூண்டிலைத் தொடுவதில்லை. பார்க்க மட்டும்தான் வருவோம்."

குனிந்து பார்த்தேன். கூடையின் ஓட்டைகள் வழியாக ஆரஞ்சு நிற முட்டைகள் ஒவ்வொன்றாக வெளியேறி நீரோடு போயின. சின்ன மீன்கள் வந்து அவற்றை விழுங்கின. பெரிய மீன் திரும்பி வந்து, கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அத்தா இஸ் ஸ்டாண்டிங் ஆன் த பேபீஸ்!" என்று சஃபியா அழ ஆரம்பித்தாள்.

முன்னே போனாலும் முட்டை, பின்னே போனாலும் முட்டை. கால் மரத்துப்போகும்வரை நின்றேன். எந்தக் கல்லில் மிதிப்பது என்று வால்டர் வழி சொன்னார். "இடது. இல்லை, உன் இடது."

கரையேறியபோது பரீதா மசாலா டப்பாவைக் கார் சீட்டுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். வாசனையைத் தள்ள முடியவில்லை. "இது என்ன?" என்று வால்டர் கேட்டார். "சட்னி" என்றாள் பரீதா. மீனில்லாத மீன் மசாலாவை எல்லோரும் ரொட்டியில் தடவித் தின்றோம். வால்டர் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். "உன் வேலையில் குறையில்லை" என்றார். வேலையில் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தினார். "வசந்தத்தில் குஞ்சுகளைப் பார்க்க நீயும் வா."

போனேன். கரையிலேயே நின்றேன். ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் இருந்தன. நான் நடந்த பக்கம் ஒன்றும் கண்ணில் படவில்லை. வால்டர் பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டார். (ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.)

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, அடியுள்ள துணிக்கூடையும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் சஃபியா ஒன்றை மட்டும் தமிழில் சொல்வாள். பரீதா சமையலறைத் தரையைப் பளிச்சென்று துடைத்து முடித்திருப்பாள். நான் காபிக்காக உள்ளே காலை எடுத்து வைப்பேன்.

"அத்தா, முட்டை!"

நான் ஒற்றைக்காலில் நிற்பேன். பரீதா துடைப்பத்தால் வழி காட்டுவாள்.

"இடது. இல்ல மச்சான், உங்க இடது."