மேலாளர் கொடுத்த செடி

“அக்கா, செவப்பு ரோசாச் செடியில வெள்ளப் பூ பூக்குமா?”

பொன்னுவேல் கேட்டதும் சண்முகசுந்தரி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் இருந்த அந்த விதைக்கிழங்குக் கம்பெனிக் கிளைக்கு அவர்தான் கிளார்க், அவள்தான் கூட்டிப் பெருக்குகிறவள். வேறு ஈ காக்கை கிடையாது.

“இது ஒட்டுச்செடி சார். மேல ஒட்டுன செவப்பு மொதப் பனியிலேயே கருகியிருக்கும். அடியில இருந்த காட்டு ரோசா கெளம்பிருச்சு. சோலைக்குள்ள மரத்து மேல ஏறிக் கெடக்குமே, அதேதான்.”

செடி, மண்டல மேலாளர் மூன்று வருஷத்துக்கு முன் தம் கையால் கொடுத்தது. “நல்லாப் பாத்துக்குங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனவர் நாளைக்குத்தான் மறுபடி மலையேறுகிறார். பழனிக்கு மாறுதல் கேட்டு வருஷா வருஷம் மனுப்போடுகிற மனிதருக்கு அந்த ஒரு தட்டு போதாதா? சாணம் வைத்தார், பனிக்குச் சாக்குப் போர்த்தினார். இத்தனை நாளும் இலையும் முள்ளுமாக வளர்ந்து கூரையேறிய சனியன், பார்த்துப் பார்த்து இந்தச் சித்திரையிலா, அதுவும் வெள்ளையாகவா பூக்க வேண்டும்!

பழனியிலிருந்து மனைவி லீலா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “இந்தத் தடவ ஆர்டர் இல்லாம நீங்க மலையெறங்கி வர வேணாம்.”

கொடியைப் பின்பக்கம் தள்ளிவிடலாம் என்று பொன்னுவேல் கயிறு கட்டி இழுத்தார். அதன் முள் கொக்கி முள், பிடித்தால் விடாது. கொடி வரவில்லை, கூரைத் தகரம் வந்தது.

“சார், மழ வருது, வெரசா!”

ஓட்டைக்கு மேல் தார்ப்பாய் விரித்தார். அது பறக்காமல் இருக்கக் கொடியையே இழுத்து அதன்மேல் போட்டார். பின்பக்கம் கிடந்த பூவும் சேர்ந்து இப்போது வாசலுக்கு வந்துவிட்டது.

“பிச்சுருவோம்க்கா!”

கை கிழியக் கிழிய அத்தனையையும் பறித்தார்கள். காலையில் பார்த்தால் மொட்டெல்லாம் விரிந்து, முன்னைவிட இரண்டு பங்கு பூ. கூடவே தேனீக்கூட்டம். கடைசியில் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் சிவப்பு ரோஜா வரவழைத்து, கொட்டு வாங்கிக்கொண்டே நூலால் கட்டினார்கள்.

பதினொரு மணிக்கு மேலாளர் வந்தார். ஒரு சிவப்புப் பூவை மோந்து பார்க்க இழுத்தார். பூ நூலோடு கையில் வந்தது.

“என்னய்யா இது?”

“பனி... பனிக்குக் கட்டுனது சார்.”

மேலாளர் செடியின் அடியில் குனிந்தார். மணிக்கட்டுக் கனமிருந்த தண்டைத் தடவினார். கூரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பொன்னுவேலின் மனுவை வாங்கி கார் பானட்டில் வைத்து, பக்கத்தில் டிரைவர் நிற்க, அதன் ஓரத்தில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

பொன்னுவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேரட் மூட்டையை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் நசுருதீனிடம் ஓடினார்.

“பாய், பழனிதான? பழனின்னுதான எழுதுனாரு?”

“பழனியா? மலையில இருக்க ஆறு ஆபீசுக்கும் ஆளுக்கொரு செடி குடுத்தாரு சார். சாகவிட்ட அஞ்சு பேரையும் மலைக்கு லாயக்கில்லன்னு கீழ மாத்திட்டாரு. உங்கள மட்டும்தான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்கன இருந்து அசைக்கக் கூடாதுன்னு எழுதிருக்காரு!”