மல்லிகா தேர்ந்தெடுத்த லைட்

கடலே இல்லாத ஊரில் கடலுக்குள் மூழ்குகிறவனாக இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. எவ்வளவு கதை அளந்தாலும் சரிபார்க்க ஆள் கிடையாது.

எழுபதுகளில் நான் திருகோணமலையில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் வண்ணமீன் பிடிக்கும் வேலையில் இருந்தேன். லீவில் மலைநாட்டில் ஹாலிஎலவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம், என் கதைகளில் சுறாக்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப் போகும். (ஒதுங்கியது நான்தான். லயத்து வீடுகளில் இருந்த சனங்களுக்கு அது தெரியாது.)

அந்தக் கதைகளை நம்பித்தான் தந்தி அடித்திருந்தார்கள்: "கோயில் மணி குளத்தில். உடனே வா." தோட்டத்துச் சனங்கள் எல்லாரும் சேர்ந்து செய்வித்த புது மணி அது. ஊர்வலமாகத் தூக்கிப் போகையில் கம்பு முறிந்து குளத்துக்குள் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திருவிழா.

திருகோணமலை முதலாளி மூழ்கும் சாமான்களைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. "கலங்கல் தண்ணியில ஒரு லைட்டை நம்பி இறங்கப்படாது. ரெண்டாவது ஒண்டு கட்டாயம் வேணும்."

அவரிடம் இருந்ததே ஒன்றுதான். இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். தண்ணீருக்குள் எரியும் லைட்டைக் கொழும்பிலேயே காண முடியாது. ஆகவே என் சம்பளத்துக்கு ஏற்ற ஒரு டோர்ச்சை வாங்கி, நானே தண்ணீர் புகாமல் அடைத்துக்கொள்வதென்று முடிவுசெய்து, மனைவி மல்லிகாவோடு பதுளை பஜாருக்குப் போனேன்.

கடைக்கார முஸ்லிம் நானா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று மின்னியது. மற்றது கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குட்டி.

"சின்னதை எடுங்க" என்றாள் மல்லிகா. "தலையத் திருகினா எரியுது. பெருசுல சுவிட்சு பக்கத்துல இருக்கு, அந்த ஓட்டை வழியா தண்ணி போகும்."

"கடல்ல எறங்குறது நீயா, நானா?"

"சுறா இருக்கிற கடல்ல நீங்கதான். இது கொளம்."

நான் பெரியதையே வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் அல்லவா ஆள் கம்பீரமாகத் தெரிவான்! கடைக்கார நானா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மழைக்குத் தாங்கும் தம்பி. கொளத்துக்கு நான் பொறுப்பில்ல." மல்லிகா குட்டியையும் வீட்டுக்கென்று வாங்கிக்கொண்டாள். நான் பெரியதற்கு சைக்கிள் டியூபைச் சுற்றினேன்.

மறுநாள் தோட்டமே குளக்கரையில் கூடியிருந்தது. மேளம், பெரிய கங்காணி, கற்பூரத் தட்டோடு பூசாரி. நான் கையசைத்துவிட்டு மூழ்கினேன்.

தண்ணீர் பால் விடாமல் சாயம் ஏறிய பிளேன்டீ மாதிரி இருந்தது. முதலாளியின் லைட் இரண்டு தரம் மினுக்கிவிட்டு அணைந்தது. (முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அதை லயம் லயமாக எரித்துக் காட்டியது யார் என்று கேட்காதீர்கள்.) பெரிய டோர்ச்சைத் தட்டினேன். அழகாக எரிந்தது. பிறகு உள்ளே தண்ணீர் ஏறி, மங்கி, அதுவும் போனது.

அப்போதே மேலே வந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு எப்படி வருவது? சேற்றைத் துழாவினேன். வளைவான விளிம்பு ஒன்று தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தால் வழவழவென்று மணியின் வாய் போலவே இருந்தது. அடியில் கயிறு கோக்க வாகாக ஒரு துளைகூட இருந்தது. கோத்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே வந்து கத்தினேன்: "இழுங்க!"

மேளம் முழங்கியது. ஆண்கள் இழுத்தார்கள். "என்னப்பா, லேசா வருது?" என்றார் பெரிய கங்காணி. பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை உயர்த்தினார்.

சேறு வழிய எழுந்தருளியது, பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவின் கக்கூஸ் கோப்பை.

மேளம் பாதியில் நின்றது. ஏற்றிய தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பூசாரி அப்படியே நின்றார். யாரோ ஒரு பெண் அடக்கமாட்டாமல் சிரிக்க, குளக்கரையே குலுங்கியது. எனக்குத் திரும்ப அடியிலேயே போய் இருந்துவிடலாம் போலிருந்தது.

மல்லிகா மட்டும் சிரிக்காமல், தண்ணீர் நிறைந்த குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரையோரம் வந்தாள். கையை விட்டு அந்தக் குட்டி டோர்ச்சை எடுத்தாள். அது எரிந்துகொண்டிருந்தது.

"கழுத்துல மெழுகு வச்சு விடியவே போட்டுட்டேன். இன்னும் அணையல. இதக் கொண்டுபோங்க."

எல்லார் முன்னாலும் அதை வாங்கினேன். கையில் மாட்ட ஒரு கயிறுகூடக் கட்டியிருந்தாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் சேற்றுக்குள் பாதி புதைந்திருந்த மணி தெரிந்தது. இந்தத் தடவை நன்றாகப் பார்த்துத்தான் கயிற்றைக் கட்டினேன். மணி கரையேறியபோது பெரிய கங்காணி, "அடிடா மேளத்த!" என்று கத்தினார். சனங்கள் என்னை விட்டுவிட்டு மல்லிகாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட நின்ற எனக்குச் சுறாவை வென்றால்கூட வந்திருக்காத பெருமை.

திருகோணமலைக்குத் திரும்பியதும் கூட்டாளிகள் கேட்டார்கள், மலிவில் நல்ல இரண்டாவது லைட் எதுவென்று. "சின்னதா, தலையத் திருகுறதா பாத்து வாங்குங்க. மொதல்ல தண்ணிக்குள்ள போட்டுப் பாத்துட்டு எறங்குங்க. என் பெஞ்சாதி கண்டுபுடிச்சது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கோப்பையைப் பற்றிச் சொல்லவில்லை. கூட்டாளிகள் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது அதை மல்லிகாவே சொல்லிவிட்டாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒன்றை எடுக்கப் போய் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் திட்டு விழாது. போன வாரம் நான் பஸ்ஸிலிருந்து யாருடையதோ பூப்போட்ட குடையோடு இறங்கி வந்தேன். மல்லிகா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"கற்பூரம் காட்டிரலாமா?"