காசி மாடு வாங்கப் போன கதை

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஞானசம்பந்தம் வாசிப்பதை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டிய? காசி எங்க போறான்?" என்றாள் மனைவி நெல்லையம்மாள்.

கண் ஆபரேஷன் முடிந்து, கருப்புக் கண்ணாடியோடு கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு மாதம் எதையும் வாசிக்கக்கூடாது. இந்தப் பழைய நாவலைத்தான் வாசித்துக்காட்ட வேண்டும் என்று, பெயர் சொல்லி நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னவளும் அவள்தான்.

கதையில் காசி, கட்டியவளை விட்டுவிட்டு மரகதம் என்பவளோடு வாழப் போகிறான்.

ஞானசம்பந்தமும் அப்படிப் போனவர்தான். ராயகிரிக்கு மாற்றலானபோது, இரண்டு வருடம். திரும்பி வந்த அன்று நெல்லையம்மாள் எதுவும் கேட்கவில்லை, இலையைப் போட்டாள். இவரும் எதுவும் சொல்லவில்லை, உட்கார்ந்து சாப்பிட்டார். முப்பத்தொரு வருடம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது போய் ஒரு புத்தகம் அதைக் கிளறிவிடுமோ என்று பயந்தார்.

"காசி... மாடு வாங்கப் போறான்" என்றார்.

மறுநாள் "இரண்டு வருடம் கழித்து" என்று வாய்தவறி வாசித்துவிட்டார்.

"மாடு வாங்க ரெண்டு வருசமா?"

"நல்ல மாடு அமையலையாம்."

அதற்கடுத்த நாள் மரகதத்தின் பெயரே வெளியில் வந்துவிட்டது.

"அது யாரு மரகதம்?"

"மாட்டுப் பேரு."

"இப்பத்தான் தலைவாரிப் பூ வச்சான்னு வாசிச்சிய?"

"அன்னைக்கு மாட்டுப் பொங்கல்லா!"

நெல்லையம்மாள் பெருமூச்சு விட்டாள். "காசி சப்புன்னு ஆயிட்டானே. நல்லவன் கதைய எதுக்கு வாசிக்கணும்? தப்பைப் பண்ணிட்டு, வெளிய சொல்லவும் முடியாம, உள்ள வச்சுக்கவும் முடியாமத் தவிக்கான் பாருங்க, அவனுக்காகத்தான் நமக்கு அழுகை வரும்."

ஞானசம்பந்தம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கடைசி அத்தியாயத்தில் காசி மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு பத்துப் பக்கம் அழுகிறான். அதை அவர் கண்ணால் மட்டும் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். புத்தகத்தை மூடினார்.

"என்ன ஆச்சு?"

"மரகதம் செத்துப்போச்சு. காசி அழுதான். அவ்வளவுதான் கதை."

"பொண்டாட்டிகிட்ட வேற ஒண்ணும் சொல்லலையா அவன்?"

"சொல்லல."

நெல்லையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு கண்டம் தாண்டிய நிம்மதியில், மறுநாள் கதவு திறந்ததுமே நூலகத்துக்குள் நுழைந்தார் ஞானசம்பந்தம். நூலகர் ஹஸ்னா பானு புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கடைசி வரைக்கும் வாசிச்சுக் காட்டிட்டியளா சார்? அக்கா இதை ஏழு தடவை எடுத்துட்டுப் போயிருக்காங்க. 'கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒரே ஒரு தடவை அவுக வாயால கேட்டுட்டாப் போதும்'னு சொல்லிட்டுத்தான் ஆபரேஷனுக்கே போனாங்க!"