நாப்பது பேரும் நூற்றிருபது ரோல்ஸும்

போன கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டு. மகன் சேர்ச்சிலை முதல் நன்மை வாங்கிற நாள் விருந்துக்கு எத்தினை பேர் வருவினமெண்டு பாத்து, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற ரூ காய்த் தெருவிலை மட்டன் ரோல்ஸுக்குச் சொல்லிறது.

"பங்குச் சுவாமியும் வாறார். ரோல்ஸ் முடிஞ்சுதெண்டு அவருக்கு முன்னாலை நான் நிக்கேலாது," எண்டா மனிசி.

"என்னட்டை விடும். என்ர உத்தியோகமே இதுதானே!"

உண்மையாத்தான். நான் குவாண்டம் கணினியோட மாரடிக்கிற ஆள். அதிட்டை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்கோணும். ஒவ்வொருக்காலும் வேற பதில் வரும், சராசரிதான் விடை. அதுக்குள்ளை இரைச்சல் புகுந்து விடையைக் கெடுக்கும். அதுக்கும் வழியிருக்கு. இரைச்சலை வேணுமெண்டே இரண்டு மடங்காக்கி இன்னொருக்கா அளக்கிறது. விடை எவ்வளவு ஏறினதோ, அந்தளவை முதல் விடையிலை கழிக்கிறது. மெசின் நேரம் லேசிலை கிடைக்காது, அதாலை கொஞ்சத் தரம் கேட்டே முடிக்கோணும்.

எங்கட சனத்திட்டை இரைச்சல் எது? மரியாதை! "வருவீங்களோ?" எண்டால் ஆரும் இல்லையெண்டு சொல்லமாட்டினம்.

பதினாறு குடும்பம். எட்டுக்கு மட்டும் போன் அடிச்சு இரண்டாலை பெருக்கினன். ஐம்பத்திரண்டு.

பிறகு இரைச்சலைக் கூட்டினன். அதே எட்டுப் பேரையும் மனிசியை விட்டுக் கேப்பிச்சன்; என்னைவிட அவவுக்கு மரியாதை இரண்டு மடங்கு.

"உம்மட வீட்டு விசேசத்துக்கு வராமல் விடுவமே! மாமியாக்களையும் கூட்டிக்கொண்டு வாறம்!" எண்டு பதில் வந்தது.

அதையும் இரண்டாலை பெருக்க அறுபத்திநாலு! அப்ப மரியாதை பன்னிரண்டு. கழிச்சன். நாப்பது.

கடைக்கார அண்ணை பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். "கேட்டு வந்த கணக்கோ தம்பி?"

"இல்லை அண்ணை, கணிச்சது."

"சாத்திரமோ? ஒரு முப்பது கூடப் போடட்டே?"

"வேண்டாம்! ஆளுக்கு மூண்டு, நூற்றிருபது. காணும்."

ஞாயிறு, நகருக்கு வெளியிலை ஸ்தேனிலை எடுத்த விருந்து மண்டபம். வாசல்லை நிண்டு எண்ணினன். முப்பத்தொன்பது. கடைசியாச் சுவாமி வந்தார்.

"நாப்பது!" எண்டு கத்திப்போட்டன். சந்தோசத்திலை எனக்கு அழுகையே வந்திட்டுது.

மனிசிக்கும் வந்தது. ரோல்ஸ் தட்டிலை மல்லித்தழை மட்டும் கிடந்தது.

"எங்கை போனது?" எண்டு வந்த ஆக்களைக் கேட்டன்.

"இவருக்கு வரேலாமப் போச்சு, அவருக்கு நாலு."

"தங்கச்சிக்கு வேலை, பாவம், அவளுக்கு அஞ்சு."

ஒவ்வொரு கையிலையும் ஒரு பை! வராத ஆளுக்கும் பங்கு கட்டிக் குடுக்கிறது எங்கட வழக்கம். அதை நான் எந்தச் சூத்திரத்திலையும் போடேல்லை. நான் கழிச்ச ஆக்கள் எல்லாரும் வீட்டிலை இருந்தபடியே சாப்பிட்டினம்.

சுவாமி வெறும் கேக்கைக் கடிச்சுக்கொண்டு, "என்ன நாப்பது?" எண்டு கேட்டார்.

"ஆக்கள் சுவாமி. அச்சொட்டாச் சரி."

வீட்டை வந்து மனிசி வெறும் தட்டைக் கழுவினா. பிறகு சொன்னா:

"அடுத்தமுறை ஆக்களை எண்ணாதேங்கோ. பையளை எண்ணுங்கோ."