கிளீனருக்கு ஒரு பக்கெட் மணல்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை திருடியிருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், குடியிருக்கும் வீட்டு ஓனரிடமிருந்து, ஒரு பூனையின் மூத்திரத்துக்காக. திருடிய பொருள் ஆற்று மணல். (பெரிய ஆட்கள் லாரி லாரியாகச் செய்வதை நான் பக்கெட்டில் செய்தேன், அவ்வளவுதான்.)

பூனையின் பெயர் கிளீனர். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு அடியில்தான் அவளுடைய குடித்தனம். எந்த லாரிக் கதவு திறந்தாலும் டிரைவருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர். ஒரு நாள் ஒரு லாரி சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்தது. வலது முன்னங்கால் போயிற்று. தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: "இனிமே ரோட்டுல விட்டா ஒரு வாரம் தாங்காது. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க."

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், எதையாவது நிர்வகிக்க நான் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். கிளீனரை வீட்டுக்குப் பழக்கும் அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். (காலை ஏழு: ஜன்னலில் வேடிக்கை. ஏழரை: உடற்பயிற்சி.) பூனைகள் வெளிக்குப் போவதற்கென்றே கடையில் விற்கும் வாசனை மண்ணை வாங்கித் தட்டில் கொட்டினேன்.

கிளீனர் அட்டவணையைக் கிழித்தாள். தட்டை மோந்து பார்த்தாள். பிறகு போகவே இல்லை. ஒன்றுக்கும் இல்லை, இரண்டுக்கும் இல்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே கழிந்து, மறுநாள் காலையும் ஆயிற்று. டாக்டருக்குப் போன் செய்தேன். "சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா தூக்கிட்டு வந்துடுங்க, உயிருக்கே ஆபத்து" என்றார்.

"பேசாம கீழ வுட்ருடி. பாவம், அடக்கிக்கினு கீது" என்றாள் அம்மா.

கீழே விட்டால் லாரி, மேலே வைத்தால் இது. அப்போதுதான் அவளுடைய பழைய கழிப்பறை ஞாபகம் வந்தது. வீட்டு ஓனர் பாய் மொட்டைமாடியில் இன்னொரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு மணல் குவியல், ராத்திரியில் கிளீனர் அங்கேதான் போய் வருவாள். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் சாம்பல் நிறத்தில் திறந்து கிடக்கும். பூச்சு வேலைக்கான ஆற்று மணல் மட்டும் தார்ப்பாய்க்கு அடியில், கல்யாண நகை மாதிரி.

மண் மண்தானே என்று முதலில் எம்-சாண்ட் அள்ளிப் போனேன். (நாலு வருஷம் படித்தவளின் முடிவு.) கிளீனர் ஒரு காலை வைத்து, உதறி, திரும்பிப் போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தார்ப்பாயைத் தூக்கினேன். (அந்தத் துப்பட்டா யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.) ஒரு பக்கெட் மேலே போய்ச் சேர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். இரண்டாவது பக்கெட்டுக்கு இறங்கினேன்.

"இன்னாம்மா பண்ற?"

பின்னால் பாய். அவருக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டே மேஸ்திரி.

"மண் பரிசோதனை, பாய். காலேஜ் ப்ராஜெக்ட்."

"நீ படிப்ப முட்ச்சி ஒரு வருசம் ஆவுதே."

"மணல் கொறஞ்சிகினே கீதுன்னு என்னியல்ல சந்தேகப்பட்டீங்க. இப்பப் பாத்தீங்களா பாய்?" என்றார் மேஸ்திரி.

நான் வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து அம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "ஏய், ஒண்ணுக்குப் போவுதுடி. பாயோட மணல்ல போவுதுடி, சீக்கிரம் ஓடியா."

பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலேயே இரண்டு பேரும் ஏறி வந்தார்கள்.

வாசற்படியில் மூவரும் அப்படியே நின்றுவிட்டோம். கிளீனர் முடித்துவிட்டு மூடிக்கொண்டிருந்தாள். இடது காலால் ஒரு தள்ளு. அடுத்த தள்ளு இல்லாத காலால். வெறும் தோள் முன்னே போய், காற்றில் மணலை வாரி, பின்னே வந்தது. மறுபடி இடது. மறுபடி இல்லாதது. ஒரு முறைகூட வரிசை தப்பவில்லை. அந்தக் கால் போனதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையோடு நான் எதையும் பார்த்து நின்றதில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் பாய், மெதுவாக. பிறகு மேஸ்திரியிடம், "ரெண்டு மூட்ட மேல ஏத்துப்பா."

கிளீனர் எம்-சாண்டைத் தொடாத கதையைக் கேட்டதிலிருந்து மேஸ்திரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அடுத்த மணல் லோடு வந்தபோது, நான் இறங்கிப் போய்க் கையில் அள்ளிப் பார்த்து, "நல்ல ஆத்து மணல்" என்று சொன்னேன். மேஸ்திரி என்னை நம்பாமல் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு நேராக மாடிக்கு வந்தார். கிளீனர் மோந்து பார்த்து முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அவர் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்தார். தண்ணீர் பால்போல வெளுத்தது.

"கல்லுத்தூள் கலந்துகீறான் பாய். லாரியத் திருப்பி அனுப்புங்க."

பாயின் மாடி முடிந்து, அதில் ஆளும் குடிவந்தாயிற்று. கிளீனர் இப்போது ஜன்னலோடு சரி. கீழே லாரிகள் போவதை மேற்பார்வை பார்ப்பாள், இறங்குவதில்லை. மேஸ்திரி மட்டும் எந்த சைட்டில் வேலை செய்தாலும், மணல் இறங்கும் நாளில் ஒரு தட்டோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்.

"இன்ஜினியரம்மா கீறாங்களா?"

சமையலறையிலிருந்து அம்மா கேட்பாள்: "ரெண்டு காலா, மூணு காலா?"